மனநல மாத்திரை ஆரம்பித்த பிள்ளைக்குக் கழுத்து திருகினால், காய்ச்சல் வந்தால்

ஹாலோபெரிடால் என்ற மனநல மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் ராத்திரி. பெரம்பூர் வீட்டில் இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த என் தம்பிக்கு, அப்போது வயது 19, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு கண் மேலே செருகி நின்றுவிட்டது. ஆயா திருநீறு பூசினார், அப்பா "நடிக்கிறான்" என்றார். எதிர்வீட்டு நர்ஸ் அக்காதான் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தார். கேஷுவாலிட்டியில் ஒரு ப்ரோமெத்தசின் ஊசி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

இதுதான் டிஸ்டோனியா, மாத்திரையால் தசை தானாக இறுகித் திருகிக்கொள்வது. இளவயது ஆண்களுக்கு அதிகம், முதல் சில நாட்களிலோ டோஸ் ஏற்றியபோதோதான் பெரும்பாலும் வரும். கழுத்தை இழுத்து நேராக்காதீர்கள், வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரையேறும். போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், இது விட்டுவிட்டு வரும், ஆஸ்பத்திரி போவதற்குள் நின்றிருக்கலாம், டாக்டருக்குக் காட்ட வேண்டாமா? குரல் மாறினாலோ மூச்சு சத்தமாக வந்தாலோ ஆட்டோ வேண்டாம், 108தான்.

எனக்கு அதைவிடப் பயம் காய்ச்சல். நம் ஊரில் மே மாதம் என்றால் வெயில் சூடு, மழைக்காலம் என்றால் டெங்கு என்று பாராசிட்டமால் போட்டு, கூடவே ராத்திரி மாத்திரையையும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவோம். அதற்கு முன் பிள்ளையின் கையைப் பிடித்து முழங்கையை மடக்கிப் பாருங்கள். இரும்புக் குழாயை வளைப்பது போல விறைத்திருந்து, சட்டை வியர்வையில் நனைந்து, பேச்சும் குழம்பினால் அது என்.எம்.எஸ் (நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம்) ஆக இருக்கலாம், இந்த மாத்திரைகளால் அபூர்வமாக வரும் பக்கவிளைவு, உயிருக்கே ஆபத்து. அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, ஐ.சி.யூ. உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி ஜி.ஹெச். ராத்திரியிலும் பார்க்கும். வாசலிலேயே "மனநல மாத்திரை சாப்பிடுகிறான்" என்று சொல்லி அட்டையைக் கையில் கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயும் வெறும் காய்ச்சலாக நினைத்துவிடலாம்.

க்ளோசபின் என்ற இன்னொரு மனநல மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். வெள்ளை அணு குறைந்திருக்கலாம்.

அப்புறம், ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்து, உட்கார முடியவில்லை என்று அழுதால் நோய் முற்றிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். மாத்திரையாலும் அந்தத் தவிப்பு வரும், அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். சாகிற பேச்சு வந்தால் தனியே விடாமல் அரசின் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள், தமிழில் பேசுவார்கள்.

ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை டாக்டரிடம் ஓ.பி. சீட்டில் எழுதி வாங்குங்கள். தம்பி அதை மடித்து போன் கவருக்குள் வைத்திருக்கிறான், பல் டாக்டரிடம் போனால்கூட எடுத்துக் காட்டுவான்.