மலாசான் தொடர்: மூன்றாம் முறை திறந்த கதவு

ஸ்டீவன் எரிக்சனின் மலாசான் தொடர் பத்துப் பெரிய மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்கள். 1999இல் தொடங்கி 2011இல் நிறைவுற்றது. முதல் நாவலை இருமுறை பேல் நகர முற்றுகையோடு மூடிவைத்துவிட்டேன். பெயர் பிடிபடாதபோதெல்லாம் பின்னாலிருந்த சொல்லடைவைப் புரட்டியதுதான் தவறு, கதையோட்டம் அறுந்துபோனது.

மூன்றாம் முறை ஒரு குறிப்பேடு எடுத்தேன். ஆளுக்கு ஒரே வரி: யார், எந்தப் பக்கம், எதை நாடுகிறார். புரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே படித்தேன். ‘வாரன்’ என்பது மந்திர ஆற்றலின் ஊற்று என்பது போகப்போகத் தானே விளங்கியது. கதை தருஜிஸ்தானுக்கு நகர்ந்த பிறகு புத்தகத்தைக் கீழே வைக்கவே முடியவில்லை. நீல வாயு விளக்குகள் எரியும் அந்த நகரம்தான் எத்தனை அழகு!

இரண்டாம் நாவல் வேறொரு கண்டத்தில், பெரும்பாலும் புதிய மனிதர்களோடு தொடங்குகிறது. குறிப்பேட்டில் புதுப் பக்கம் ஒதுக்கிவிட்டேன்.