பழைய ஓப்பன் காருக்கு சஸ்பென்ஷன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி புதுச்சேரிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். 1973 மாடல் எம்ஜிபி, இங்கிலாந்தில் செய்த ஓப்பன் டாப் கார். டிக்கியில் இரண்டு அட்டைப் பெட்டிகள். சஸ்பென்ஷனுக்கு, அதாவது சக்கரம் வாங்கும் அடியைத் தாங்கும் அமைப்புக்கு, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கெட்டியான ஸ்பிரிங், பின்பக்கத்துக்கு டெலஸ்கோபிக் (குழாய் மாதிரி) ஷாக், மூட்டுகளில் மெத்தை மாதிரி உட்காரும் பாலியூரித்தேன் புஷ் எல்லாம் அதில் இருந்தன. “அண்ணே, ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிடலாமா?” என்று கேட்டார்.

நான் பெட்டியைப் பிரிக்கவில்லை. “முதல்ல ஒரு பக்கமா ஜாக்கி போடுவோம். ஏத்தின பிறகு கதவைத் திறந்து மூடிப் பாருங்க தம்பி” என்றேன். ஏற்றினோம். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்தது. மறுபடி மூட வரவில்லை.

2013 பொங்கல் விடுமுறையில் நானும் இதே மாதிரிப் பெட்டிகளோடு நின்றவன்தான். அன்றைக்கு என்னிடம் யாரும் கதவைத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நட்டு முறுக்க மறப்பது, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன். எம்ஜிபியை வைத்தே பேசுகிறேன், எனக்குப் பழக்கம் அதுதான். வேறு பழைய ஓப்பன் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

பாடியைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மாற்றுவது

மற்ற தவறுகள் எல்லாம் சில ஆயிரங்களோடு போய்விடும். இது ஒன்று வண்டியையே முடக்கிவிடும்.

எம்ஜிபி 1962இல் வந்தது. அதற்கு முன்பு வந்த எம்ஜிஏவுக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. எம்ஜிபிக்குக் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். நம் அம்பாசடரும் அப்படித்தான், ஆனால் அதற்குத் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்து ஒரு கூடாக நிற்பதால் வண்டி முறுக்கிக்கொள்ளாது. ஓப்பன் காரில் அந்தக் கூரை இல்லை. மூங்கில் கூடையின் வாய் வளையத்தை அவிழ்த்துவிட்டால் கூடை எப்படி நெளியுமோ, அப்படி இதுவும் நெளியப் பார்க்கும். நெளியாமல் பிடித்து நிறுத்துவது கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டிப் பகுதி. பட்டறையில் அதை சில் என்போம். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் செங்குத்தாக ஒரு தகடு, அடியில் ஒரு பட்டைத் தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். வெளித்தகடு பளபளவென்று இருப்பதால் உள்ளே நடுத்தகடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நம் ஊர்க் காற்றைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தேவனாம்பட்டினத்திலும் காலாப்பட்டிலும் வீட்டு ஜன்னல் கம்பியே சில வருடங்களில் செதில் செதிலாக உதிர்கிறது. இந்தக் காரில் முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு, ஃபெண்டருக்குள்ளே சக்கரத்துக்குப் பின்பக்கம் போய்த் தங்கும். உப்பு ஈரத்தோடு அங்கேயே கிடந்து சில்லின் முன்முனையைத் தின்னும். அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் பிளவுகளை யாராவது அண்டர்கோட் (அடிப்பாகத்துக்கு அடிக்கும் தார் மாதிரிப் பூச்சு) அடித்து அடைத்திருந்தால், உள்ளிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். பின்பக்கக் கமான் பட்டையின் (பட்டை ஸ்பிரிங்கின்) முன்முனை வளையம் மாட்டும் இடமும் சில் முடியும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதுவும் அரிக்கும்.

என் வண்டி கடலூரில் கடலோரத்து ஷெட் ஒன்றில் நின்றிருந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது ஷெட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. நான் வாங்கும்போது புதிதாக பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தார்கள். நான் பார்த்ததெல்லாம் திருப்பத்தில் வண்டி சாய்வதை மட்டும்தான். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்து, சுங்க வரியோடு ஒன்றரை லட்சம் செலவழித்து சாமான்களை வரவழைத்தேன். மூன்று நாளில் மாட்டினேன். ஈசிஆரில் மரக்காணம் வரை போய் வந்தேன். சாய்வே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதத்தில் முன்கண்ணாடிச் சட்டம் முனக ஆரம்பித்தது. டாஷ்போர்டு நடுங்கியது. கதவின் பின்மேல் மூலை பாடியில் உரசி பெயின்ட் போனது. கீலில் கோளாறு என்று கீலை அட்ஜஸ்ட் செய்தேன். அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். கடைசியில் அரியாங்குப்பம் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு கதவும் திறக்கவில்லை. வண்டி நடுவில் தொய்ந்து, கதவு இடைவெளி மேலே மூடிக்கொண்டது.

டிங்கர் வெளித்தகட்டை வெட்டினார். உள்ளே பட்டியும் (பள்ளம் நிரப்பப் பூசும் பசை) ஃபைபரும், அதற்கு அண்டை கொடுக்கத் திணித்த பழைய செய்தித்தாளும் இருந்தன. நடுத்தகட்டில் கைப்பிடி துருதான் மிச்சம். பழைய மெத்தென்ற ஸ்பிரிங் குழியில் விழுந்த அடியைத் தானே வாங்கிக்கொண்டு இந்த ஓட்டை சில்லைக் காப்பாற்றி வந்திருக்கிறது. நான் போட்ட கெட்டி ஸ்பிரிங் அந்த அடியை அப்படியே பாடிக்குக் கொடுத்தது. சரிசெய்ய ஏழு மாதம், சஸ்பென்ஷனுக்கு ஆனதைப்போல மூன்று மடங்கு பணம்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொருவரைப் பார்க்கும்போதும் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அவர்கள் மேல் இல்லை. இதைச் சொல்லாமல் சாமானை மட்டும் விற்கிறார்களே, அதன் மேல். ‘ஒரு நாளில் மாட்டலாம், வண்டி அப்படியே மாறிவிடும்’ என்கிறார்கள். அழுகிய பாடியில் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

எப்படிப் பார்ப்பது? வண்டியைச் சமதரையில், சக்கரத்தின் மேல் நிறுத்துங்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். பிறகு ஒரு பக்கமாக, ஜாக்கிக்கு மேல் தடித்த பலகை வைத்து ஏற்றி மறுபடி அளங்கள். நல்ல பாடி என்றால் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும், கதவும் முன்போலவே மூடும். அடுத்து, ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுக ஓட்டுங்கள். பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். தகடு ‘டங்’ என்று பேசும், பட்டி ‘தொப்’ என்று அடங்கிவிடும். கார்ப்பெட்டைத் தூக்கி உள்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

சில் போயிருக்கிறது என்றால் வெல்டிங்கில் அவசரம் கூடாது. கதவு நிற்கும் இடத்தில் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புச் சட்டம் கொடுத்துக் கட்டிய பிறகே வெட்ட வேண்டும். வண்டியின் பாரம் சஸ்பென்ஷன் தாங்கும் இடங்களில் சமமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். அடிக்கொரு தரம் கதவை மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும். தொய்ந்த நிலையிலேயே வெல்டு வைத்துவிட்டால் அந்தத் தொய்வு நிரந்தரமாகிவிடும்.

சக்கரம் தொங்கும்போது புஷ் போல்ட்டை இறுக்குவது

முன்பக்கச் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கைக்கு (கீழ்க்கை) எம்ஜிபி ஜிடி வி8 காரின் புஷ்ஷைப் போடுவது நல்ல மாற்றம், விலையும் அதிகமில்லை. அது இரும்புக் குழாயோடு ரப்பரை ஒட்டி வார்த்தது. கை ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியவுடனே ரப்பர் முழு முறுக்கில் நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். கையால் மட்டும் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு தரம் அழுத்தி விட்டு, அந்த நிலையில் இறுக்குங்கள்.

பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சாலையின் ஒவ்வொரு சிறு அதிர்வையும் பாடிக்கு அனுப்பும். கூரையில்லாத வண்டிக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

முன் ஷாக்கைக் கழற்றி எறிவது

எம்ஜிபியின் ஷாக் குழாய் மாதிரி இருக்காது. எண்ணெய் நிரம்பிய ஒரு வார்ப்புப் பெட்டியிலிருந்து கை நீட்டிக்கொண்டிருக்கும். இதைப் பழசு என்று கழற்றிவிட நினைக்கிறார்கள். முன்பக்கத்தில் அந்தக் கைதான் சஸ்பென்ஷனின் மேல்கை. அதைக் கழற்றினால் சக்கரத்தை மேலே பிடிக்க எதுவும் இல்லை. அச்சு ஆடாமல், ஒழுகாமல் இருந்தால் அது நல்ல சாமான்தான். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், பைக் ஃபோர்க் ஆயிலில் கெட்டியான ரகம் போதும்.

பின்பக்கம் டெலஸ்கோபிக் போடலாம். அதிலும் ஒன்று: பின் ஆக்சில், அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடிக்க இரண்டு பக்கமும் பட்டை வார் உண்டு. அது அறுந்திருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் முழு நீளத்துக்கு இழுபட்டு அடி வாங்கும்.

காயிலை வெட்டுவது

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கின் சுற்றை அறுப்பார்கள். வேண்டாம். கேஸ் வைத்துச் சூடுகாட்டி இறக்குவது அதைவிட மோசம்.

கமான் பட்டையில் ஒரு பட்டை கூட்டுவது

நம் பகுதியில் லாரிக்குக் கமான் பட்டை வளைக்கும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை, வேலையும் தெரிந்தவர்கள். ஆனால் அவர்கள் கண்ணுக்கு எல்லாமே பாரம் ஏற்றும் வண்டி. பின்பக்கம் தணிந்திருக்கிறது என்று போனால் ஒரு பட்டை சேர்த்து அனுப்புவார்கள். அப்புறம் காலியாக ஓடும் லோடு ஆட்டோ மாதிரி பின்பக்கம் எகிறிக்கொண்டே போகும். பழைய பட்டையை மறுபடி வளைத்தால் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தணிந்திருந்தாலும் இரண்டையும் கழற்றிக் கொடுங்கள். வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவை அளந்து வாங்குங்கள்.

பின்பக்கம் மட்டும் ஆன்டி ரோல் பார்

சாய்வைக் குறைக்க இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் இந்தக் கம்பியைப் பின்பக்கம் மட்டும் போட்டால், ஐப்பசி மழையில் ரவுண்டானா திரும்பும்போது வண்டியின் வால் முந்திக்கொண்டு போகும். முன்பக்கத்தை முதலில் முடியுங்கள்.

அளவுக்கு மீறித் தாழ்த்துவது

1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் கருப்பு ரப்பர் பம்பர் வந்தபோது, கம்பெனியே வண்டியைக் கொஞ்சம் உயர்த்தியது. அந்த மாடல் வைத்திருப்பவர்கள் பழைய உயரத்துக்குத் திரும்ப விரும்புவது நியாயம்தான். முந்தைய குரோம் பம்பர் மாடலையும் மேலும் தாழ்த்துவதைத்தான் நான் ஏற்க மாட்டேன். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி இறக்கினால் கீழ்க்கையின் கோணம் கெடும், குழியில் பம்ப் ஸ்டாப் (கை முழுக்க ஏறும்போது தடுக்கும் ரப்பர்) அடிக்கும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே எத்தனை வேகத்தடை என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள், அதில் பாதிக்கு வெள்ளைக்கோடே கிடையாது. சைலன்சர் முதலில் போகும்.

டயர்

பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: வாரம், வருடம். பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பத்து வருட டயரில் புது ஸ்பிரிங்கைச் சோதிக்காதீர்கள்.

கிங்பின்னை மறப்பது

புதுச் சாமான் எல்லாம் மாட்டிய பிறகும் ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்று வருவார்கள். பார்த்தால் கிங்பின்னில், அதாவது முன்சக்கரம் திரும்பும் செங்குத்து அச்சில், கிரீஸ் போய் வருடக்கணக்காகியிருக்கும். ஒவ்வொரு பக்கமும் கிரீஸ் அடிக்க மூன்று நிப்பிள். 3,000 மைலுக்கு ஒரு தரம், அதாவது ஏறக்குறைய 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தரம் அடிக்க வேண்டும். முன்பக்கத்தை ஏற்றி, சக்கரத்தில் பாரம் இல்லாமல் அடித்தால்தான் கிரீஸ் சுற்றிலும் போகும்.

அலைன்மென்ட் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது

கம்ப்யூட்டரில் இந்த மாடல் இருக்காது. நீங்கள்தான் அளவைச் சொல்ல வேண்டும்: டோ-இன் (முன்சக்கரங்கள் முன்னால் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.5 முதல் 2.3 மில்லிமீட்டர். கேம்பரும் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) காஸ்டரும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இந்த வண்டியில் திருகி மாற்றக்கூடியவை இல்லை. இப்போதைய சின்னக் கார்களுக்கு ஹைட்ராலிக் ஜாக்கி போட்டு வளைத்துக் கேம்பர் சரிசெய்கிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். பக்கத்திலேயே நில்லுங்கள்.

காகிதத்தை மறந்து பாடியை வெட்டுவது

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது, நம்பரில் ‘விஏ’ என்று வரும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அதில் நிபந்தனை. முன்பக்கம் புது மாதிரி ஷாக் வைக்க இன்னர் ஃபெண்டரை வெட்டச் சொல்லும் கிட்டுகள் கிடைக்கின்றன. வாங்கும் முன் இதை யோசியுங்கள். போல்ட்டில் மாட்டி, போல்ட்டில் கழற்றக்கூடிய மாற்றங்களோடு நிற்பது நல்லது.

பழைய ஸ்பிரிங்கை எடைக்குப் போடுவது

நான் போட்டேன். பாடி வேலை முடிந்த பிறகு பழைய மெத்தென்ற ஸ்பிரிங்கையே திரும்ப மாட்ட ஆசைப்பட்டேன், இரண்டு வருடம் தேட வேண்டியிருந்தது. கழற்றியதை எல்லாம் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, இடது வலது எழுதி வையுங்கள்.

கடலூர்த் தம்பியின் வண்டி இப்போது சட்டம் கட்டி நிற்கிறது. இடது சில் முடிந்தது, நேற்று வலதுபக்கம் வெட்டினோம். அவருடைய இரண்டு பெட்டிகளும் அலமாரி மேல் இருக்கின்றன, இன்னும் பிரிக்கவில்லை.