யாரும் கேக்காத ஆல்பத்த ஒருத்தர கேக்க வைக்கிறது எப்படி

ரெண்டு வருஷம் முன்னாடி காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரே நாள்ல பதினேழு ஆல்பம் லிங்க் போட்டேன். எல்லாமே நான் உயிரா நெனைக்கிற ஆல்பம், வருஷக்கணக்கா தேடித்தேடி சேத்தது. ஒருத்தர்கூட ஒண்ணக்கூட தெறக்கல. ரொம்ப வருத்தமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா, வேலை முடிஞ்சு அலுத்துப்போய் வர்றவங்களுக்கு கெடைக்கிறதே ராத்திரி அரை மணி நேரம், அதுல பதினேழு லிங்க்ல எத தொடுவாங்க? அன்னையிலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு ஆல்பம், அதுவும் அந்த ஆளுக்குன்னே பாத்து எடுத்தது, அப்படித்தான் குடுக்குறேன். இப்ப கேக்குறாங்க. அத எப்படி செய்யுறேன்னு சொல்றேன்.

மொதல்ல "உனக்கு என்ன ஜானர் (இசை வகை) பிடிக்கும்"னு கேக்கவே கேக்காதீங்க. நம்ம ஊர்ல பாதி பேரு ஜானர் பேர வச்சு பாட்டு கேக்குறது இல்ல, ஜாஸ்னு சொன்னாலே "அது நமக்கு புரியாதுப்பா"ன்னு ஒதுங்கிடுவாங்க. அதுக்கு பதிலா "உனக்கு ரொம்ப பிடிச்ச பாட்டுல எந்த எடம் பிடிக்கும்"னு கேளுங்க. ஒருத்தர் பல்லவி முடிஞ்சு சரணம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற வயலினச் சொல்லுவாரு, இன்னொருத்தர் பேஸ் கிட்டார்னு சொல்லுவாரு, சில பேருக்கு கொரல் மட்டும்தான், சில பேருக்கு கூட தாளம் போடணும். அந்த ஒரு பதில் போதும், அதப் புடிச்சுக்கிட்டே எந்த நாட்டு ஆல்பத்துக்கும் போயிடலாம்.

வயலின்னு சொன்னவர எடுத்துக்கங்க. சினிமாப் பாட்டோட இடையிசையக் கேட்டு வளந்த நமக்கு வார்த்தை இல்லாத இசை ஒண்ணும் புதுசு இல்ல, ஆனா முழு ஆல்பமே அப்படின்னா தயங்குவோம். அதனால இவருக்கு நான் மொதல்ல குடுக்குறது இளையராஜாவோட ஹவ் டு நேம் இட், 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம் பண்ண, சினிமாவுக்கு வெளிய செஞ்ச ஆல்பம். வயலின் வி.எஸ்.நரசிம்மன். அதுல ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்னு ஒரு பகுதி வரும், பாக்கோட வயலின் இசையும் நம்ம இசையும் ஒரே வீட்டுக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி. இளையராஜா ரசிகர்கள்லயே இத முழுசா கேக்காதவங்க எனக்குத் தெரிஞ்சு நெறைய பேர் இருக்காங்க.

கொஞ்ச நாள் விட்டு அவருக்கே அடுத்தது ஆலிஸ் கோல்ட்ரேன், ஜர்னி இன் சச்சிதானந்தா, 1971. இதப் பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்த வராது. டெட்ராய்ட்ல பொறந்த பியானோ கலைஞர், யாழ் மாதிரி இருக்குற ஹார்ப்பும் வாசிச்சவங்க, கணவர், சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1967ல இறந்துட்டாரு, அந்த துக்கத்துல இருந்தவங்களுக்கு வழிகாட்டியா வந்தவரு சுவாமி சச்சிதானந்தா, நம்ம கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துக்காரரு, 1969ல அமெரிக்காவுல நடந்த உட்ஸ்டாக் இசை விழாவத் தொடங்கி வச்சுப் பேசினவரு. ஆல்பத்தோட பேர்லயே அவர் இருக்காரு. தம்புரா சுருதி விட்டுக்கிட்டே இருக்க, அடியில பேஸ் ஒரே வரிய திரும்பத் திரும்ப வாசிக்க, அதுக்கு மேல ஹார்ப் தண்ணி மாதிரி எறங்கும், ஃபாரோ சாண்டர்ஸோட சாக்ஸஃபோன் வரும். ஜாஸ்னு சொல்லாம குடுத்துப் பாருங்க, கச்சேரி கேட்டு வளந்தவங்க யாரும் இத அந்நியம்னு சொல்லி நான் பாக்கல, ஏன்னா தம்புரா கேட்ட ஒடனேயே மனசு உக்காந்துடுது. ஆனா கடைசிப் பகுதி மட்டும் பதினோரு நிமிஷத்துக்கு மேல போகும், மேடையில வாசிச்சு பதிவு பண்ணது, மொத தடவை அத விட்டுடச் சொல்லுங்க.

வீட்ல ராகம் கண்டுபிடிக்கிறவங்க ஒருத்தர் கட்டாயம் இருப்பாங்க, எங்க வீட்ல அது என் சித்தி. அவங்களுக்கு நான் குடுத்தது சரண்ஜித் சிங்கோட சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட். பம்பாய் சினிமா ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சவரு, 1982ல ரோலண்ட் கம்பெனியோட மூணு எலக்ட்ரானிக் இசை மெஷின வச்சுக்கிட்டு பத்து ராகத்த டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ரெக்கார்டு போட்டாரு. அதுல ஒரு மெஷின், டிபி-303, பேஸ் கிட்டார்காரர் இல்லாத எடத்துல வாசிக்கன்னு செஞ்சது. அதே மெஷின வச்சு சிகாகோ பசங்க 1987ல போட்ட ரெக்கார்டுலதான் ஆசிட் ஹவுஸ்னு ஒரு புது இசையே பொறந்துச்சுன்னு சொல்லுவாங்க, இவரோ அஞ்சு வருஷம் முன்னாடியே கிட்டத்தட்ட அதே சத்தத்துல பைரவ் வாசிச்சு முடிச்சுட்டாரு. அப்ப ரெக்கார்டு சரியா விக்கல, 2010ல மறுபடி வெளிய வந்த பிறகுதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. சித்திகிட்ட இந்தக் கதை எதுவும் சொல்லல, "இதுல மால்கௌன்ஸ் எது, பூபாலி எதுன்னு கண்டுபிடிங்க சித்தி"ன்னு மட்டும் சொன்னேன். மால்கௌன்ஸ் நம்ம ஹிந்தோளம், பூபாலி நம்ம மோகனம், டிஸ்கோ பீட்டையும் மீறி ரெண்டையும் புடிச்சுட்டாங்க, அப்புறம் மூணு நாள் சமையக்கட்டுல அதுதான் ஓடுச்சு.

பழைய பாட்டுல வர்ற அக்கார்டியன் பிடிக்கும்னு சொல்றவங்களுக்கு எத்தியோப்பியாவோட ஹைலு மெர்கியா. ஊர்ல பெரிய இசைக்குழுவுல கீபோர்டு வாசிச்சவரு, அமெரிக்கா போய் வாஷிங்டன்ல தங்கிட்டாரு, 1985ல தனியா உக்காந்து அக்கார்டியன், கீபோர்டு, டிரம் மெஷின் எல்லாம் வச்சு ஷெமோன்முவானாயேன்னு ஒரு கேசட் போட்டாரு. அப்புறம் வாஷிங்டன்ல வருஷக்கணக்கா டாக்சி ஓட்டினாரு. பழைய ஆப்பிரிக்கா கேசட்டுகளத் தேடி வெளியிடுற ஆஸம் டேப்ஸ் ஃப்ரம் ஆப்பிரிக்காங்கிற லேபிள்காரர் கையில அது சிக்கி, 2013ல மறுபடி வந்துச்சு, அவரும் மறுபடி மேடை ஏறினாரு. எத்தியோப்பிய இசையில அஞ்சு ஸ்வர அமைப்புதான் அதிகம், அதுல திசிதா மேஜர்னு ஒண்ணு அப்படியே நம்ம மோகனத்தோட ஸ்வரங்கள். அதனாலயோ என்னவோ மொத தடவையே பழகின மாதிரி இருக்கும்.

மத்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ராக், மெட்டல்னு இருக்குற தம்பிகளுக்கு டெத்னு ஒரு பேண்ட், டெட்ராய்ட்ல மூணு அண்ணன் தம்பிங்க, 1975ல பதிவு பண்ணது 2009லதான் ஃபார் தி ஹோல் வேர்ல்ட் டு சீன்னு ஆல்பமா வந்துச்சு, பங்க் ராக்குக்கு பேரே பரவாத காலத்துல அந்த வேகம். அரை மணி நேரம்கூட இல்ல, அதனால ஒரே மூச்சுல கேட்டுடுவாங்க. கொரல் மட்டும் போதும்னு சொல்றவங்களுக்கு சிபில் பையர், ஜெர்மன்காரங்க, 1970ல இருந்து 73 வரைக்கும் வீட்லயே டேப்ல பாடி வச்சது, பையன் எடுத்து சேத்து 2006ல கலர் கிரீன்னு வந்துச்சு. படிக்கும்போது, வேலை பாக்கும்போது ஓடணும்னா ஜப்பான்காரர் ஹிரோஷி யோஷிமுராவோட மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ், 1982. டோக்கியோவுல ஒரு மியூசியத்துல ஓடிக்கிட்டு இருந்தத வந்தவங்க விசாரிக்க ஆரம்பிச்சு அப்புறம் ரெக்கார்டா வந்தது.

சரி, ஆல்பம் முடிவு பண்ணியாச்சு, இப்ப மெசேஜ் எப்படி போடுறதுங்கிறது ரொம்ப முக்கியம். வெறும் லிங்க் போட்டா போச்சு. "செம ஆல்பம், கேட்டே ஆகணும்"னு போட்டாலும் போச்சு. ஏன்னா அதுல அவங்க என்ன செய்யணும்ங்கிறதே இல்ல. ஆலிஸ் கோல்ட்ரேன் ஆல்பத்துக்கு நான் போடுறது இப்படி இருக்கும்: "டேய், இன்னைக்கு நைட்டு லைட்ட அணைச்சுட்டு ஹெட்செட் போட்டு மொத பாட்டு மட்டும் கேளு, ஆறரை நிமிஷம். யாரும் பாட மாட்டாங்க. ஆரம்பத்துல தம்புராவும் பேஸும்தான், அவசரப்படாத. பிடிக்கலன்னா விட்டுரு." எங்க ஆரம்பிக்கணும், எவ்வளவு நேரம், எது அலுக்கலாம், எல்லாம் வந்துடுச்சு பாருங்க. அலுக்குற எடத்த முன்னாடியே சொல்லிட்டா அவங்க அந்த எடத்த தாண்டிடுவாங்க, சொல்லலன்னா அங்கயே நிறுத்திடுவாங்க.

ஹெட்செட்னு சொன்னது சும்மா இல்ல. போன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்கவே கேக்காது, ஆலிஸ் கோல்ட்ரேன் ஆல்பத்துல பேஸ் கேக்கலன்னா பாதி ஆல்பம் போச்சு. ஷஃபிள ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சில ஆப்ல காசு கட்டாம கேட்டா வரிசை மாறி மாறி ஓடும், அப்ப யூட்யூப்ல முழு ஆல்பமா இருக்குறத குடுங்க. கலைஞர்கள், லேபிள்கள்கிட்ட நேரா ஆல்பம் வாங்குற பேண்ட்கேம்ப் தளத்துல இருந்தா நான் வாங்கிடுவேன், இந்த மாதிரி கலைஞர்களுக்கு அந்த காசு நெசமாவே உதவியா இருக்கும்.

மறுநாளே "கேட்டியா, கேட்டியா"ன்னு கேக்காதீங்க, அது பரீட்சை மாதிரி ஆகிடும். பத்து நாள் விடுங்க. பிடிக்கலன்னு சொன்னா சண்டை போடாம எந்த எடத்துல நிறுத்துனாங்கன்னு மட்டும் கேட்டு வச்சுக்கங்க, அடுத்த ஆல்பம் எடுக்க அதுதான் உதவும்.

உங்களுக்கே புது ஆல்பம் எங்க கெடைக்கும்னா, பிடிச்ச ஆல்பத்துல யார் யார் வாசிச்சாங்கன்னு பாருங்க. ஹவ் டு நேம் இட் பிடிச்சா நரசிம்மனோட மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் பக்கம் போங்க, ஜர்னி பிடிச்சா ஃபாரோ சாண்டர்ஸோட 1969 ஆல்பம் கர்மாவுக்குப் போங்க. இல்லன்னா பழசத் தோண்டி எடுக்குற லேபிள்கள், நியூமரோ குரூப், லைட் இன் தி ஆட்டிக், அனலாக் ஆப்பிரிக்கா, இவங்க பட்டியல மெதுவா ஒரு ஞாயித்துக்கிழமை பாருங்க.

அந்த பழைய வாட்ஸ்அப் குரூப்ல இருந்த ஒருத்தன், பதினேழு லிங்க்ல ஒண்ணக்கூட தெறக்காதவன், போன மாசம் அவனே எனக்கு ஒரு ஆல்பம் அனுப்புனான். கின்ஸ்மென், 2008, நியூயார்க் ஜாஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் நம்ம கத்ரி கோபால்நாத்தும் சேந்து வாசிச்சது. ரெண்டு பேரும் ஆல்டோ சாக்ஸஃபோன்தான். கூடவே மெசேஜ்: "ஹெட்செட் போட்டுக்கோ மச்சான், எது யாரு வாசிக்கிறதுன்னு கண்டுபிடிச்சு சொல்லு, அவசரம் இல்ல." அன்னைக்கு நைட்டே கேட்டுட்டேன்.