குக்கரில் விசில் எண்ணாதீர்கள், நிமிடம் எண்ணுங்கள்

முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வைத்துவிடுங்கள். அப்புறம் விசிலை எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம், அரிசிக்கு ஐந்து நிமிடம் போதும். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்காமல், ஆவி தானாக அடங்க விடுங்கள். அந்தச் சூட்டிலும் வேகும்.

வெயிட் தூக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறிவிட்டால் உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரியில் நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் அது ஏறாது. கூடுதல் கேஸ் எல்லாம் புஸ்ஸென்று ஆவியாகத்தான் வெளியே போகும், கூடவே பருப்புத் தண்ணீரும் பொங்கி மூடியெல்லாம் வழியும். அதைத் துடைக்கும் வேலை தனி. சிம்மில் வைத்தால் அடுத்த விசில் வர நேரமாகும், சில சமயம் வராமலும் போகும். பயப்பட வேண்டாம், உஸ்ஸென்று லேசான சத்தம் இருந்தாலே உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதல் விசில் வரும்வரை மட்டும் தீ நன்றாக எரியட்டும். கேஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசியும் குக்கருக்கு இந்த சிம் முறை சரிவராது. சிறு தீயில் அழுத்தம் நிற்காது. முதலில் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.