தையல் டேபிளிலிருந்தும் தறியிலிருந்தும் வருகிறவர்களுக்கு யோகா: சொல்லிக் கொடுக்கும் முறை

திருப்பூர், பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் யோகா வகுப்பு எடுக்கப் போகிறவர் முதல் நாள் கேட்க வேண்டியது, "இதுக்கு முன்னாடி யோகா செஞ்சிருக்கீங்களா?" என்பதல்ல. "என்ன வேலைங்க, எத்தனை மணி நேரம், உக்காந்தா நின்னா?" என்று கேளுங்கள். பவர் டேபிளில் (மோட்டார் தையல் மெஷினில்) 10 மணி நேரம் தைத்தவர் ஏற்கெனவே ஒரே ஆசனத்தில் 10 மணி நேரம் இருந்துவிட்டுத்தான் வருகிறார். கழுத்து முன்னால் நீண்டு, தோள் உள்ளே சுருண்டு, முதுகு கூன் போட்ட ஆசனம் அது. அவரை எடுத்த எடுப்பில் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னால், கம்பெனியில் செய்ததையே மண்டபத்திலும் செய்யச் சொல்கிறோம்.

வேலையை வைத்து ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் டைலர்களுக்குக் கழுத்து, மேல்முதுகு, பெடல் மிதிக்கும் பக்கத்து இடுப்பு. செக்கிங், கைமடி, அயர்னிங் என்று நிற்கிறவர்களுக்குக் குதிகால், கெண்டைக்கால், கீழ்முதுகு. தறி ஓட்டுகிறவர்களுக்கு இதே கால் தொல்லையோடு பஞ்சுத் தூசியும் சேரும். கெண்டைக்காலில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் தோட்டத்தில் களை எடுக்கிறவர்களுக்குக் குனிவது தண்ணீர் பட்ட பாடு. அவர்களுக்கு வராதது பின்னால் வளைவதுதான்.

நேரமும் வயிறும்

சாப்பாட்டுக்குப் பின் 3 முதல் 4 மணி நேரம், இட்லி தோசை போன்ற டிபனுக்குப் பின் 2 மணி நேரம், டீக்குப் பின் அரை மணி நேரம் விடவேண்டும். ஒன்றரை ஷிப்ட் (12 மணி நேரம்) பார்க்கிறவருக்கு இந்தக் கணக்கில் இரண்டே இடம்தான் கிடைக்கும்: காலை 6 மணி, அல்லது ராத்திரி வேலை விட்டு வந்து சாப்பிடுவதற்கு முன். காலையில் 30 நிமிடம் முழுப் பயிற்சி. ராத்திரியில் நின்று செய்வதெல்லாம் வேண்டாம். படுத்துச் செய்பவை மட்டும், 15 நிமிடம். தறியில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவரைக் காலை வகுப்பில் நிற்க வைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் சமநிலை ஆசனம் செய்தால் விழுவார். அவர் தூங்கி எழுந்து மாலை 4 மணிக்குச் செய்யட்டும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் செய்தால் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி உட்காரவைத்து 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். வகுப்பில் எப்போதும் ஒரு டப்பா சர்க்கரை இருக்கட்டும்.

இடமும் விரிப்பும்

ஆளுக்கு 7 அடி நீளம், 4 அடி அகலம். 20 பேருக்கு மேல் ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்த முடியாது. யோகா மேட் வாங்கச் சொல்லி யாரையும் விரட்ட வேண்டியதில்லை. பவானி ஜமுக்காளம் படுத்துச் செய்யும் ஆசனங்களுக்கு மிக நல்லது. டைல்ஸ் தரையில் அது வழுக்கும் என்பதால், நின்று செய்யும்போது மட்டும் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெறும் தரையில் வெறுங்காலோடு நிற்கட்டும். அதையே 4 அங்குல உயரத்துக்கு மடித்துப் போட்டால் சம்மணம் போட்டு உட்காரத் திண்டு. நாள் முழுக்க ஸ்டூலில் உட்காருகிறவருக்கு இடுப்பு இறுகியிருக்கும்; தரையில் உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே நிற்கும், முதுகு சரியும். முட்டி இடுப்புக்குச் சமமாக இறங்கும்வரை திண்டை உயர்த்துங்கள். முட்டிக்கு அடியில் போட, நாலாக மடித்த சென்னிமலைப் போர்வை போதும்.

மொட்டை மாடி வகுப்பு மாசி வரை சுகம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது கோவை, பொள்ளாச்சி, பல்லடம் பக்கம் வியர்த்த உடம்பு சட்டென்று குளிர்ந்து தசை இறுகும். சவாசனத்துக்கு (கடைசியில் மல்லாந்து அசையாமல் படுப்பதற்கு) போர்வை போர்த்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள்.

சொல்லும் விதம்

மூச்சு, அங்கம், திசை. இந்த வரிசையில் சொல்லுங்கள்: "உள்மூச்சு... வலது கை... மேலே." திசையை முதலில் சொன்னால் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கிவிடுவார்கள். எதிரே நின்று செய்து காட்டும்போது, வாயில் "வலது" என்று சொல்லிக்கொண்டே உங்கள் இடதைத் தூக்க வேண்டும். இதை வீட்டில் பழகிக்கொண்டு வாருங்கள். ஒன்று, இரண்டு என்று வேகமாக எண்ணாதீர்கள். அவரவர் மூச்சை அவரவரே எண்ணட்டும். தாடை இறுகுவதும் கால்விரல் சுருள்வதும் மூச்சைப் பிடித்திருப்பதற்கான அடையாளம்.

இந்தப் பக்கத்தில் "வலிக்குதுங்களா?" என்று கேட்டால் "பரவாயில்லீங்க" என்றுதான் பதில் வரும். மரியாதைக்காகச் சொல்லும் அந்தப் பதிலை நம்பி மேலே போகக்கூடாது. "எங்க இழுக்குதுங்க, கைய வெச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தசையின் நடுவில் கை வைத்தால் சரி. முட்டியின் உள்பக்கம், உட்கார்ந்தால் தரையில் படும் எலும்பு, இடுப்பின் நடுக்குழி, இவற்றில் கை போனால் உடனே பாதி தூரம் திரும்பி வரச் சொல்லுங்கள். மேலிருந்து அமுக்கித் திருத்துவது வேண்டவே வேண்டாம். முதுகை அமுக்குவதும், உள்ளங்கால்களைச் சேர்த்து உட்காரும் வண்ணத்துப்பூச்சி நிலையில் முட்டியை அழுத்துவதும்தான் வகுப்பில் ஆட்களைக் காயப்படுத்துகின்றன. தொடுவதாக இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அதைவிட, உங்கள் உள்ளங்கையை நீட்டி "இங்க வந்து தொடுங்க" என்று இலக்கு காட்டுவது நல்லது.

டைலர்களுக்கான 30 நிமிடம்

முதலில் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். குதிகால் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி, பிட்டமும் மேல்முதுகும் சுவரில் படும்படி நிற்கவைத்து, பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பாருங்கள். முகத்தைத் தூக்காமல் நேரே பார்க்கவேண்டும். 4 விரலுக்கு மேல் நுழைந்தால், மல்லாந்து படுக்கும் எல்லா நிலையிலும் அவருக்குத் தலைக்கடியில் மடித்த துண்டு வேண்டும். துண்டு இல்லாவிட்டால் முகவாய் மேலே தூக்கிக்கொள்ளும், சவாசனமே கழுத்து வலி கொடுக்கும். விரல் கணக்கை நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கழுத்துக்கு 4 நிமிடம். வலம், இடம், பக்கச் சாய்வு, முகவாயை உள்ளே இழுப்பது. ஒவ்வொன்றும் 5 முறை. கழுத்தை முழு வட்டமாகச் சுற்றச் சொல்லாதீர்கள். தலை பின்னால் சாய்ந்தபடி திரும்பும் இடத்தில் கழுத்து எலும்பு மூட்டுகள் நெருக்கப்படும், வயதானவர்களுக்குத் தலைசுற்றும்.

அடுத்து, கையும் முட்டியும் ஊன்றி முதுகை மேலும் கீழும் வளைக்கும் பூனை நீட்சி, 8 முறை. மணிக்கட்டு தோளுக்கு நேர் கீழே, முட்டி இடுப்புக்கு நேர் கீழே. கத்திரிக்கோல் பிடிக்கிற கையில் மணிக்கட்டு வலி இருந்தால் உள்ளங்கைக்குப் பதில் முழங்கையை ஊன்றலாம். அதிலிருந்தே ஒரு காலை முன்னால் வைத்து, பின்முட்டி போர்வை மேல் இருக்க, இடுப்பை முன்னுக்குத் தள்ளி 5 மூச்சு. பெடல் மிதிக்கிற காலுக்கு இன்னொரு முறை கூடுதலாக.

பிறகு சுவர் முன்வளைவு. நன்றாகக் கற்றுக்கொடுத்தால் டைலர்களுக்கு இதைவிட உதவும் ஆசனம் இல்லை என்பது எங்கள் கணிப்பு. இடுப்பு உயரத்தில் சுவரில் உள்ளங்கை வைத்து, இடுப்புக்கு நேர் கீழே பாதம் வரும்வரை பின்னால் நடந்து, உடம்பைத் தலைகீழ் 'ட' மாதிரி மடக்க வேண்டும். முதுகின் மேல் ஒரு கம்பை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள்: பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பைத் தொடவேண்டும். பெரும்பாலும் வால் எலும்பு தொடாது, கீழ்முதுகு வில்லாக வளைந்திருக்கும். காரணம் முதுகில் இல்லை. தொடையின் பின்தசை குறுகி இடுப்பெலும்பைக் கீழே இழுப்பதால் வருவது. "முதுகை நேராக்குங்க" என்று எத்தனை முறை கத்தினாலும் பலன் இல்லை. "அம்மா, முட்டியைக் கொஞ்சம் மடிச்சுக்கோங்க" என்று சொல்லுங்கள், உடனே முதுகு நீளும். 8 மூச்சு, இரண்டு முறை. மூன்று, நான்கு வாரத்தில் மடித்த முட்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும்.

குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனத்தில் எல்லோரும் செய்யும் தப்பு, கையை ஊன்றித் தள்ளி உயரம் காட்டுவது. அப்படி எழுந்தால் மேல்முதுகு அசையாமல் கீழ்முதுகு ஒரே இடத்தில் மடிகிறது. தொப்புள் தரையில், முழங்கை விலாவோடு ஒட்டி, மெதுவாக எழுந்தபின் உள்ளங்கையைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கச் சொல்லுங்கள். கை இல்லாமல் எந்த உயரத்தில் நிற்கிறாரோ அதுவே அவருடைய உயரம். 3 மூச்சு, 3 முறை. பிட்டத்துக்கு வேலை கொடுக்கும் சேதுபந்தாசனம் (மல்லாந்து படுத்து, முட்டி மடித்து இடுப்பைத் தூக்குவது) 5 முறை செய்துவிட்டு, 5 நிமிடம் சவாசனம். எழுந்திருக்கும்போது வலப்பக்கம் திரும்பி, கை ஊன்றி எழ வேண்டும்.

நின்று வேலை செய்கிறவர்களுக்குப் புஜங்காசனத்தைக் குறைத்து, கடைசியில் காலைச் சுவரில் சாய்த்து 5 நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். பிட்டம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். அதற்கு முன் பாதத்தை 30 முறை மேலும் கீழும் ஆட்டினால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்கள், நைட்டியோ சேலையோ உடுத்தி வந்தவர்கள், கெண்டைக்காலை மட்டும் நாற்காலி மேல் வைத்தால் போதும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் அன்று ஆசனமே கிடையாது, டாக்டரிடம் அனுப்புங்கள்.

மூச்சும் பஞ்சுத் தூசியும்

தறிக்கூடத்துக்குள்ளேயோ வாசலிலேயோ மூச்சுப் பயிற்சி செய்யாதீர்கள். ஆழமாக இழுக்கும் மூச்சு தூசியையும் ஆழமாக இழுக்கும். வேலை விட்டதும் மூக்கைக் கழுவுவது (ஒரு துவாரத்தில் ஊற்றி மற்றதன் வழியே விடுவது) முதல் படி. கொதிக்கவைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டர், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு. போர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ அப்படியே ஊற்றக்கூடாது, அதிலுள்ள கிருமிகள் மூக்கு வழியாகப் போனால் ஆபத்து. மூக்கு எரிந்தால் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கிறது. தண்ணீர் தொண்டைக்குப் போனால் தலை பின்னால் சாய்ந்திருக்கிறது. கழுவியபின் குனிந்து இரண்டு துவாரத்தையும் திறந்தபடி மெதுவாக ஊதி உலர்த்துங்கள். ஒன்றை அடைத்து வேகமாகச் சீந்தினால் தண்ணீர் காதுக்கு ஏறும்.

நாடிசுத்தி (ஒரு மூக்குத் துவாரம் மாற்றி மற்றதில் மூச்சு விடுவது) 9 சுற்று: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது, நிறுத்துவது இல்லை. திருமூலர் சொல்லும், இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை என்ற கால அளவுக் கணக்கு நன்கு பழகியவர்களுக்கானது. அதைப் படித்துவிட்டு வந்து முதல் வாரமே மூச்சை அடக்கிப் பார்க்கிறவர்களைத் தடுத்துவிடுங்கள். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபதி, ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கர்ப்பம் உள்ளவர்களுக்குக் கிடையாது.

வார விடுமுறைக்குப் பின் முதல் வேலை நாளில் நெஞ்சு இறுகுகிறது, அடுத்தடுத்த நாளில் குறைகிறது என்று ஒருவர் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் அப்படித்தான் தொடங்கும். அதைப் பிராணாயாமத்தால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நெஞ்சுநோய் மருத்துவரிடம் நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

பலர் ஏற்கெனவே மனவளக்கலையின் எளியமுறை உடற்பயிற்சியைக் கற்றிருப்பார்கள். மனவளக்கலையை உருவாக்கி, ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை அமைத்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்கிறார்கள் என்றால் தொடரட்டும். கழுத்துக்கும் சுவர் முன்வளைவுக்கும் மட்டும் உங்களிடம் வந்தால் போதும்.

வகுப்புக்கே வரமுடியாத வாரங்கள் இருக்கும். ஏற்றுமதி ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் ஞாயிறும் வேலை. அந்த வாரத்துக்கு, டீ இடைவேளையில் 3 நிமிடம்: டீ குடிப்பதற்கு முன் டேபிளை விட்டு எழுந்து, முகவாயை உள்ளே இழுப்பது 5 முறை, சுவரிலோ கட்டிங் டேபிள் விளிம்பிலோ கை வைத்து முன்வளைவு 8 மூச்சு, குதிகாலைத் தூக்கி இறக்குவது 20 முறை. காலை டீக்கு ஒருமுறை, சாயங்கால டீக்கு ஒருமுறை.