டிகிரி காபி வேண்டாம் என்பவரிடம் கேள்வி கேட்பது எப்படி?

கும்பகோணத்தில் ஒருவர் காபி வேண்டாம் என்றால் உடம்புக்கு என்னவோ என்றுதான் நினைப்போம். என் அக்கா மகன் பெங்களூரில் மார்மன் சபையில் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை) சேர்ந்ததிலிருந்து வேண்டாம் என்கிறான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் கிண்டலில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் மூலத்தைப் படியுங்கள். 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற அவர்களுடைய வேதநூலில் எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம், புகையிலை கூடாது என்றெல்லாம் சொல்வது 89-ம் பிரிவு, மொத்தமே 21 வசனம்.

1833 பிப்ரவரி 27 அன்று, அமெரிக்காவில் ஒஹாயோவின் கர்ட்லண்டில் சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் தந்தது. இது கட்டளையல்ல என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் 1921 வாக்கில் அவர்களுடைய புனித ஆலயத்துக்குள் போக இதைக் கடைப்பிடிப்பதும் நிபந்தனையாகிவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அப்புறம், எது நிலைத்தது, எது நழுவியது என்று பாருங்கள். வசனத்தில் 'சூடான பானங்கள்' என்றுதான் இருக்கிறது. காபி, டீ என்பது பின்னால் வந்த விளக்கம். ஆறிப்போன காபியும் கூடாது, கொதிக்கிற மிளகு ரசம் கூடும். (சுக்கு மல்லிக் காபி தாராளமாகக் கொடுக்கலாம், காபித்தூள் மட்டும் போடாதீர்கள்.) மாமிசத்தைக் குளிர்காலத்திலும் பஞ்சத்திலும் மட்டும் சாப்பிடுவதே தேவனுக்குப் பிரியம் என்று 13-ம் வசனம் சொல்கிறது. வைகாசி வெயிலில் கோழிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் இதைக் கேட்டேன். "நல்ல கேள்வி மாமா" என்று இன்னொரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். மனிதனுக்குக் கோதுமை, குதிரைக்கு ஓட்ஸ் என்று பெயர் சொல்கிற இடத்தில் அரிசி இல்லை. எந்த ஊர்க்காரர்களை மனதில் வைத்துச் சொன்னது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வாக்குறுதிகளுக்குத்தான் பொறுமை வேண்டும். உடல்நலம், ஞானம், ஓடினாலும் களைக்காத கால், சங்காரத் தூதன் (உயிரைப் பறிக்க வரும் தேவதூதன்) விலகிப்போவது. மொத்தமாக விவாதிக்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். மார்மன்கள் அதிகம் வாழும் அமெரிக்க மாநிலமான உட்டாவில் அவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவு என்பது உண்மை. புகையிலையை விட்டால் யாருக்கும் அது குறையும். அந்தப் பெருமையைக் காபித் தடைக்குக் கொடுக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் சந்தேகப்பட்டது காபியை அல்ல, 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதை. நாம் டபராவில் ஆற்றித்தானே குடிக்கிறோம்!

18-ம் வசனத்தை விட்டுவிடாதீர்கள். இந்த விதிகளோடு மற்றக் கட்டளைகளுக்கும் கீழ்ப்படிந்தால்தான் பலன் என்கிறது. ஆக, கடைப்பிடித்தவர் நோயில் விழுந்தால் வேறெங்கோ குறை வைத்தார் என்று சொல்லிவிடலாம். "என்ன நடந்தால் இந்த வாக்குறுதி பலிக்கவில்லை என்று ஒத்துக்கொள்வாய்?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்வி போதும். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று மட்டும் கேட்காதீர்கள்.

பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். சுக்குக் காபியில் ரகசியமாகக் காபித்தூளைக் கலந்து கொடுத்து, "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். அக்கா அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.