பசங்க ஸ்கூலுக்கு எதுல போறாங்க? நம்ம வடசென்னை வீடுகள்ல அடிக்கடி நடக்கிற தப்புங்க

ஒன்பதாவது பத்தாவது வந்துட்டா போதும், "ஆட்டோல்லாம் வேணாம்மா, நான் ஃப்ரெண்ட்ஸோட போய்க்கிறேன்"னு புள்ளைங்க ஆரம்பிச்சுடும். அந்த வயசுக்கு அது நியாயமான ஆசைதான், தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க எதுல போகணும்னு முடிவு பண்ற இடத்துல பெரியவங்க நாமதான் சறுக்குறோம்.

மொதல்ல, கிலோமீட்டரை மட்டும் பாக்குறது. "ரெண்டு கிலோமீட்டர் தானே, நடந்து போடா"ன்னு ஈஸியா சொல்லிடுறோம், ஆனா அந்த ரெண்டு கிலோமீட்டருக்கு நடுவுல ரயில்வே கேட் இருக்கா, கேட் போட்டா எவ்ளோ நேரம் நிக்கணும், மழைன்னா சப்வேல எவ்ளோ தண்ணி நிக்கும், இதெல்லாம் கேக்குறதே இல்ல. கொருக்குப்பேட்டை பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்றது நல்லாவே புரியும். மூடின கேட்டுக்கு அடியில குனிஞ்சு ஓடுற பசங்கள திமிருன்னு திட்டுறோம், அதுல நெறைய பேர் லேட்டானா வெளிய நிக்க வெப்பாங்களேன்னு பயந்து ஓடுறவங்க. கால் மணி நேரம் முன்னாடி கெளப்பி விட்டாலே அந்த பயம் பாதி போயிடும்.

அடுத்தது கன்டெய்னர் லாரி. ஹார்பர் இங்க இருக்கிற வரைக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு, மணலி ரோடு எல்லாத்துலயும் இந்த வண்டிங்க ஓடிக்கிட்டேதான் இருக்கும், அதனால "ஓரமா போ"ன்னு மட்டும் சொல்லி சைக்கிள்ல அனுப்பாதீங்க. ஓரம்தான் ஆபத்தே. லாரி லெஃப்ட்ல திரும்பும்போது மூஞ்சி பக்கம் ரோட்டு நடுவுக்கு தள்ளிப் போகும், பையன் நமக்கு வழி விடுறாங்கன்னு நெனச்சு அந்த கேப்ல உள்ள பூந்துடுவான், அப்புறம் பின்னாடி இருக்கிற டிரெய்லர் உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். லெஃப்ட்ல ஒட்டி வர்ற சைக்கிள் டிரைவர் கண்ணுக்கு படாமலே போகலாம். ஒரு ஞாயித்துக்கிழமை காலைல புள்ளைய கூட்டிட்டுப் போய் பத்திரமான தூரத்துல நின்னு ஒரு டிரெய்லர் திரும்புறத காட்டுங்க, "லாரி இண்டிகேட்டர் போட்டா பின்னாடியே நில்லு, பக்கத்துல போகாத"ன்னு அங்கயே வெச்சு சொல்லுங்க. வீட்ல நூறு தடவ சொல்றத விட இது மண்டைல ஏறும்.

அப்புறம் இந்த வண்டி விஷயம். "பதினாறு ஆயிடுச்சு, எக்ஸ்எல் தானே, ஓட்டட்டும்"னு குடுக்கிற அப்பாக்கள் இன்னும் நெறைய பேர் இருக்காங்க. 16 வயசுல லைசென்ஸ் வாங்கலாம்ங்கறது 50 சிசி வரைக்கும் இருக்கிற வண்டிக்குத்தான், இப்ப ஓடுற எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. ஸ்கூட்டி, ஆக்டிவா எல்லாம் கேக்கவே வேணாம். 2019ல திருத்தின மோட்டார் வாகன சட்டத்துல 18 ஆகாதவங்க ஓட்டி மாட்டினா பெத்தவங்களுக்கோ வண்டி ஓனருக்கோ 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா ஃபைன், வண்டியோட ஆர்சி ஒரு வருஷத்துக்கு கேன்சல், அந்தப் புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டுன்னு ஹெல்மெட் இல்லாம மூணு பேர் போறத பாத்தாலே வயிறு கலங்குது.

பொண்ணுங்க விஷயத்துல நடக்கிறது எனக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. கவர்மெண்ட் ஸ்கூல், எய்டட் ஸ்கூல் பொண்ணுங்களுக்கு பதினொண்ணாவதுல ஃப்ரீ சைக்கிள் வருது, வந்த கையோட அண்ணன் எடுத்துக்குவான், இல்லன்னா தெருமுனைல எவனோ கிண்டல் பண்ணான்னு அம்மா சைக்கிளையே நிறுத்திடுவாங்க. தப்பு பண்ணவன் அங்கயே உக்காந்திருப்பான், இவ நடக்கணும். இதனாலயே பொண்ணுங்க வீட்ல எதையும் வாயத் தொறந்து சொல்றதில்ல. எந்த எடம், எந்த நேரம்னு பொறுமையா கேளுங்க, அதே தெரு புள்ளைங்க நாலு பேர ஒண்ணா சேத்து அனுப்புங்க, ஸ்கூல்ல சொல்லுங்க, தேவைப்பட்டா புள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன் 1098க்கு போன் பண்ணுங்க. சைக்கிள் வந்ததும் கடைக்கு கொண்டு போய் பிரேக், நட்டு எல்லாம் டைட் வெச்சு, சீட்டையும் அவ ஒசரத்துக்கு ஏத்தி எறக்கி குடுங்க.

பஸ்ஸுன்னா ஃபுட்போர்டு பிரச்சனை. அதுல கெத்து காட்டுறவங்களும் இருக்காங்க, உள்ள ஏற எடமே இல்லாம தொங்குறவங்களும் இருக்காங்க, ரெண்டு பேரையும் ஒரே மாதிரி திட்டி பிரயோஜனம் இல்ல. ஒரு பஸ் முன்னாடி போக வழி இருக்கான்னு பாருங்க. பாஸ் இருக்கு, பொண்ணுங்களுக்கு 2021ல இருந்து சாதா டவுன் பஸ்ல டிக்கெட்டே இல்ல, ஆனா இன்னொண்ணு பல பேருக்கு தெரியவே தெரியாது: வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல லோக்கல் ட்ரெயின்ல போக பன்னெண்டாவது வரைக்கும் பசங்களுக்கு, டிகிரி வரைக்கும் பொண்ணுங்களுக்கு செகண்ட் கிளாஸ் மன்த்லி சீசன் ஃப்ரீ. எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர்னு கும்மிடிப்பூண்டி லைன்ல இருக்கறவங்க ஸ்கூல்ல எழுதி வாங்கி ஸ்டேஷன் கவுண்டர்ல கேளுங்க.

கடைசியா, காலைல போறத மட்டும் பிளான் பண்ணிட்டு சாயங்காலத்த விட்டுடுறோம். பத்தாவது, பன்னெண்டாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிச்சா ஆறு ஆறரை ஆயிடும், கூட வர்ற ஃப்ரெண்டுக்கு அன்னிக்கு கிளாஸ் இருக்காது, நவம்பர்ல அந்த நேரத்துக்கு இருட்டிடும், மழை வேற. அன்னிக்கு யாரோட வரணும், எந்த ரோட்ல வரணும், லேட்டானா யார் போன்ல இருந்து வீட்டுக்கு சொல்லணும்னு ஸ்கூல் தொறக்கும்போதே புள்ளையோட உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கங்க.